சீட்டின் பின்பக்கத்தில் எழுதிய சாப்பாடு

அப்பா,

இன்றைக்குக் காலை கேஸ் புத்தகத்தைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் கிளறினேன். கேஸ் புத்தகம் கிடைக்கவில்லை. உங்கள் சீட்டு கிடைத்தது. நாலாக மடித்து, மடிப்புகளில் கிழியத் தொடங்கி, ஒரு மூலையில் சாம்பார் பட்டு மஞ்சளாகிப் போன காகிதம். மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்பது வருடத்துச் சாம்பாரில் வாசனை எங்கிருந்து வரும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வெல்லம் மணத்தது. அது சாம்பாரில் போட்ட வெல்லமா, உங்கள் சட்டைப் பையின் வெல்லமா என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

தர்மபுரி வெல்ல மண்டியில் முப்பது வருடம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர் நீங்கள். கொடியில் உங்கள் சட்டை காய்ந்தால் ஜில்லாவிலுள்ள எறும்புகள் மொத்தமும் கொடி பிடித்து ஊர்வலம் வரும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அதில் பாதி உண்மை. "இவன் சொல்றதுல பாதி நெஜமா இருந்தா அன்னிக்கு மழை பெய்யும்" என்பீர்கள்.

சீட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் என் கையெழுத்து. 'மாமன்னர் தர்மபுரியார் அவர்களின் பெங்களூர் திக்விஜயம்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே எந்தக் கடையில் எந்த வேளைக்கு என்ன சாப்பிடுவது என்று இரண்டு நாள் திட்டம். மறுபக்கம் நம்மூர் டாக்டரின் ஆங்கிலக் கிறுக்கல். இரண்டு மாதமாகக் கெட்டியான உணவை விழுங்க முடியவில்லை, எடை குறைந்திருக்கிறது, தாமதிக்காமல் குழாய் விட்டுப் பார்க்கவும் என்று பெங்களூரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதம். மறுபக்கம் என்று நான் சொல்வது தப்பு. அதுதான் முன்பக்கம். நான் எழுதியதுதான் பின்பக்கம்.

அந்த இரண்டு நாளும் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்க்கவில்லை. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லுகிற இந்த வாயால், இதை உள்ள அளவுக்கு மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தத் தை மாதம் எனக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் வால்வு செய்யும் தொழிற்சாலை, அதில் இன்ஸ்பெக்டர். நம் தெருவில் பாதிப் பேர் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. பித்தளைத் துண்டில் துளை போட்டு என் மேஜைக்கு அனுப்புவார்கள். என் கையில் இரண்டு முனை உள்ள ஒரு கேஜ் இருக்கும். ஒரு முனை துளைக்குள் இறங்க வேண்டும், மறுமுனை இறங்கக் கூடாது. எது இறங்குகிறது, எது இறங்கவில்லை என்று எட்டு மணி நேரமும் பார்ப்பதற்குத்தான் அப்பா எனக்குச் சம்பளம்.

அந்த மிதப்பில் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். இந்த ஊரில் தோசையை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். நெய்யைக் கரண்டியால் ஊற்றுவதில்லை, மதகைத் திறந்துவிடுகிறார்கள். காவிரிக்கு அடுத்தபடி இரண்டு மாநிலமும் அடித்துக்கொள்ளப் போவது இந்த நெய்க்குத்தான். ஆகவே தாங்கள் நேரில் வந்து மகனின் ராஜ்ஜியத்தை வாயால் வலம் வர வேண்டும். மூன்று பக்கம் எழுதினேன். நீங்கள் ஒரு கார்டில் இரண்டு வரி போட்டீர்கள். 'சனிக்கிழமை காலை வருகிறேன். உன்னிடம் ஒரு விஷயமும் பேச வேண்டும்.'

ஒரு விஷயம் என்றால் எனக்கு அந்த வயதில் ஒன்றே ஒன்றுதான். பெண் பார்த்திருக்கிறார்கள். முப்பது வயதுப் பிரம்மச்சாரிக்கு அப்பா கார்டு போட்டால் வேறு என்ன இருக்க முடியும்? ஒரு வருடமாக அந்தப் பேச்சிலிருந்து நழுவிக்கொண்டிருந்தவன், உங்கள் வாயிலிருந்து அது வராமல் பார்த்துக்கொள்ளத் தயாராகிவிட்டேன்.

பொம்மனஹள்ளி ஸ்டாப்பில் தர்மபுரி பஸ்ஸிலிருந்து இறங்கினீர்கள். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும் இடைவெளி இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு ஜோக் அடித்தேன்.

"என்னப்பா, சட்டை பெருசாயிடுச்சா, நீங்க சின்னதாயிட்டீங்களா?"

"டைலர் மாத்திட்டேன்டா. புது ஆளு, அளவு தெரியல அவனுக்கு."

ரோட்டோர டீக்கடையில் நின்றோம். உடனே திட்டம் தீட்டியாக வேண்டும் எனக்கு.

"காகிதம் இருந்தா குடுங்கப்பா. அரசாணை எழுதணும்."

நீங்கள் சட்டைப் பையில் கையை விட்டீர்கள். சீட்டு வெளியே வந்தது. கொடுக்கவில்லை. விரலிடுக்கில் வைத்துக்கொண்டே, "அதுக்கு முன்ன ஒரு விஷயம் சொல்லணும் உங்கிட்ட" என்றீர்கள்.

"பொண்ணு விஷயம்தானே. தெரியும். ரெண்டு நாளைக்கு அந்தப் பேச்சுக்குத் தடையுத்தரவு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மனு குடுங்க. அரண்மனையில பரிசீலிப்போம்."

டீ ஆற்றுகிறவர் சிரித்தார். அவர் சிரித்ததும் நீங்களும் சிரித்தீர்கள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு காகிதத்தை நீவி, எழுதாத பக்கத்தை மேலே வைத்து மடித்து நீட்டினீர்கள்.

"சரி. பின்பக்கம் எழுது."

எழுதினேன் அப்பா. உங்கள் முதுகையே மேஜையாக வைத்து, மாமன்னர் என்று ஆரம்பித்து எழுதினேன். திருப்பிப் பார்க்கவில்லை. பேனா முனை காகிதத்தைத் தாண்டி உங்களைக் குத்தியிருக்கும்.

ஓசூர் ரோட்டில் சிட்டி பஸ் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். ஜன்னலோரம் நீங்கள். பஸ் வேகம் குறைந்தபோது கேட்டைப் பார்த்துவிட்டு, "இதானாடா அந்த ஆஸ்பத்திரி" என்று கேட்டீர்கள்.

"ஆமா. அது நமக்கு எதுக்கு? நாம போற கோயில் வேற" என்றேன். இரண்டு நாளில் அந்தக் கேட்டை நாம் நாலு தடவை தாண்டினோம்.

முதல் கடை பசவனகுடிப் பக்கம். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், இடம் பிடிக்க ஒரு கூட்டம், அதைத் தள்ள ஒரு கூட்டம். மசால் தோசை வந்தது, மேலே வெண்ணெய் உருண்டை. சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தீர்கள்.

"என்னடா இது, பாயசத்துல பருப்பப் போட்டு வச்சிருக்கான்."

"இந்த ஊர் சாம்பார்ல வெல்லம் போடுவாங்கப்பா."

"முப்பது வருஷம் வெல்லத்துலயே நின்னு செத்தேன். ரெண்டு நாள் தப்பிச்சு வந்தா இங்க கொழம்புலயும் அதானா? மனுஷன் திம்பானா இத?"

தட்டைத் தள்ளினீர்கள். எனக்குப் பரம சந்தோஷம். ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வருகிற எவரும் இறங்கிய முதல் மணி நேரத்தில் இந்தப் புகாரைச் சொல்லியாக வேண்டும். மாமா சொன்னார், அக்கா வீட்டுக்காரர் சொன்னார், கூட வேலை செய்கிறவர்களின் அப்பன்மார் அத்தனை பேரும் சொன்னார்கள். சாம்பார் தித்திக்கிறது என்று சொல்லாமல் ஒரு தமிழன் இந்த ஊரிலிருந்து திரும்பிப் போனதாக வரலாறே இல்லை. நீங்களும் சொல்லிவிட்டீர்கள், வந்த காரியம் முறைப்படி தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அந்தப் புகாருக்குப் பின்னால் ஒரு மனிதர் ஒளிந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோசையின் நடுவில் இருந்த உருளைக்கிழங்கை மட்டும் சாம்பாரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பினீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர். மொறுமொறுவென்ற ஓரத்தை முழுசாக என் பக்கம் நகர்த்தினீர்கள். "பார்த்தீங்களா, மகனுக்கு மகுடத்தையே விட்டுக் குடுக்கறாரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். பை-டூ காபி சொன்னேன், ஒரு காபியை இரண்டு தம்ளரில் பிரித்துத் தருவது இந்த ஊர் வழக்கம். உங்கள் பாதியைக் குடித்துவிட்டு என் பாதியையும் பார்த்தீர்கள். பால் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது உங்களுக்கு. "காபியில மட்டும் முழு ராஜ்ஜியம் கேக்கறீங்களே" என்று அதையும் சிரிப்பாக்கிக் கொடுத்தேன்.

வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால் வாய் ஓயாது. "நீ பேசு, நான் சாப்பிடறேன்" என்று சொல்லிக்கொண்டே என் தட்டிலிருக்கும் அப்பளத்தை எடுத்துக்கொள்வீர்கள். எனக்குப் பேச்சு, உங்களுக்கு அப்பளம். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து நமக்குள் இருந்த ஒப்பந்தம் அது. அன்றைக்கு அந்தத் தோசைக் கடையில் முதல் தடவையாக மாற்றிச் சொன்னீர்கள்.

"நீ சாப்பிடு, நான் கேக்கறேன்."

பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மிலிட்டரி ஹோட்டல். கறிச்சோற்றுக் கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். கலாசிபாளையம் சந்து ஒன்றில், கதவு நிலை குனிந்துதான் போக வேண்டும். வாழை இலையில் ராகி முத்தே வந்தது. நம்மூர் களிதான், பந்தாக உருட்டி வைத்திருப்பார்கள். கூட நாட்டுக்கோழிச் சாறு. இதை எழுதத்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன்.

களியை நீங்கள் மென்று நான் பார்த்ததே இல்லை. கிள்ளி, உருட்டி, குழம்பில் முக்கி, வாய்க்குள் போட்டால் பல்லுக்குத் தெரியாமல் தொண்டை வாங்கிக்கொள்ளும். நம்மூரில் அதுதான் முறை, இந்த ஊரிலும் அதுதான் முறை. கிணற்றில் கல் விழுகிற மாதிரி உள்ளே சத்தம் கேட்கும் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நீங்கள் அன்றைக்குக் குன்றிமணி அளவுக்குக் கிள்ளினீர்கள். சாற்றில் ஊறவைத்தீர்கள். வாயில் போட்டு மென்றீர்கள். மென்றுகொண்டே இருந்தீர்கள்.

இதை ஜனசபையில் அறிவிக்காமல் இருக்க முடியுமா என்னால்? இலை போடுகிறவரைக் கூப்பிட்டு எனக்குத் தெரிந்த கன்னடத்தில், பாருங்கள், தர்மபுரிச் சிங்கம் களியை மாடு மாதிரி அசைபோடுகிறது என்று உரக்கச் சொன்னேன்.

அவர் உங்கள் பக்கம் குனிந்தார். "அகிபார்து யஜமான்ரே, நுங்க்பேக்கு" என்றார். மெல்லக் கூடாது பெரியவரே, விழுங்க வேண்டும்.

அடுத்த மேஜையில் லாரிக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், "பல்லு போச்சா தாத்தா?" என்று தமிழிலேயே கேட்டார். நீங்களும் சிரித்தீர்கள். உங்களுக்காகச் சிரித்தீர்களா, எனக்காகவா? சபை முன்னால் மகன் தலை கவிழக் கூடாது என்று நினைத்தீர்கள்போல. பெரிதாக ஒரு உருண்டை உருட்டி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு விழுங்கினீர்கள்.

கை நெஞ்சுக்குப் போனது. தண்ணீர்த் தம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தீர்கள். எழுந்து கை கழுவுகிற தொட்டிப் பக்கம் நடந்தீர்கள். ஓடவில்லை, மரியாதையாக நடந்தீர்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் நான் லாரிக்காரர்களிடம் உங்கள் பழைய வீரத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முகம் நனைந்து, கண் சிவந்து வந்து உட்கார்ந்தீர்கள்.

"காரம்டா" என்றீர்கள்.

"காரமா? இது காரமா? பெங்களூர்க்காரன் மிளகாயப் போட்டோவுலதான்பா பாத்திருக்கான்."

"எனக்குக் காரமா இருக்குது. நீ சாப்பிடு."

உங்கள் இலையிலிருந்த முத்தேயையும் நானே தின்றேன். காலையில் சாம்பார் தித்திப்பு, மத்தியானம் சாறு காரம். ஒரே நாளில் ஒரே நாக்குக்கு இரண்டும் எப்படி ஆகாமல் போகும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். துளையில் முடியளவு பிசகு இருந்தால் துண்டைத் தூக்கி எறிகிறவன், கேஜைத் தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டு வந்தவன் மாதிரி உட்கார்ந்து கோழிக்காலைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண் விழித்தபோது என் அறையில் நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தீர்கள். படுத்தால் எதிர்க்களிக்கும் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு, மாமன்னர் கொலுவிலேயே துயில்கிறார் என்றேன். திட்டப்படி நாலு கடை. போண்டா சூப்பில் சூப்பை மட்டும் குடித்தீர்கள், போண்டாவைப் பார்த்து, "எண்ணெய் சரியில்ல" என்றீர்கள். ஒப்பட்டு என்கிற போளிக்கு, "பல்லுல ஒட்டுதுடா" என்றீர்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறை. ஒரே குறையைத் திருப்பிச் சொல்லாமல் கடைக்கொன்றாகப் புதிதாகக் கண்டுபிடித்தீர்கள். என்னைவிடப் பெரிய புளுகர் நீங்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

வி.வி.புரத்தில் அவரைக்காய் சீசன். தெரு முழுக்கப் பச்சை வாசனை. தோல் பிதுக்கிய பருப்பை ஒரு கை அள்ளி முகர்ந்தீர்கள். வெகுநேரம் முகர்ந்தீர்கள். அந்த இரண்டு நாளில் எந்தக் குறையும் சொல்லாமல் நீங்கள் முழுசாக அனுபவித்தது அது ஒன்றுதான். விற்கிற அம்மாள், "பிதுக்கம்பருப்பு கொழம்பு வைங்க சாமி, எறங்குறதே தெரியாது" என்றார். நீங்கள் அவரைப் பார்த்து, "அப்படியாம்மா" என்றீர்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொம்மனஹள்ளி ஸ்டாப்பில் நின்றோம். மனு கொடுக்கிற நேரம். நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. பஸ் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போவட்டுமாடா?"

"நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுப்பா. பர்மனென்ட் ஆயி மூணு வாரம்தான் ஆவுது. இப்ப லீவு கேட்டா சூப்பர்வைசர் எம்மேலயே துளை போட்டுடுவான்."

"காலைல கொஞ்ச நேரம் மட்டும். ஒரு எடத்துக்குப் போவணும்."

"பொண்ணு வீடு பெங்களூர்லதானா? அதான் திட்டமா? ஆளை விடுங்கப்பா. மாசியில வாங்க, மீதி கடையெல்லாம் முடிச்சிட்டு அதையும் பேசலாம்."

நீங்கள் ரோட்டைப் பார்த்தீர்கள். "சரி. வேலைய விட்டுடாத" என்றீர்கள். தர்மபுரி பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவர் திரும்பினீர்கள்.

"அந்தச் சீட்டக் குடு."

திட்டம் என் பையில் இருந்தது. "எதுக்குப்பா? ஊர்ல காட்டவா?"

"ஆமா. காட்டணும்."

எடுத்துக் கொடுத்தேன்.

மாசி போனது, பங்குனி போனது. வேலை புதுசு, அவனைக் கூப்பிடாதே என்று அம்மாவைத் தடுத்துவைத்திருந்திருக்கிறீர்கள். சித்திரையில் அம்மா எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நம்பருக்குப் பேசினாள். "ஒடம்பு சரியில்ல" என்று ஆரம்பித்தவள், "தண்ணிகூட எறங்கல" என்று முடித்தாள்.

நாலு தடவை தாண்டிப் போன கேட்டுக்குள் ஐந்தாம் தடவை நுழைந்தோம். அங்கிருந்த டாக்டரம்மா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், பாதி கன்னடத்தில் பேசுவார். நீங்கள் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினீர்கள். அப்போதுதான் அதன் முன்பக்கத்தை முதல் தடவையாக நான் பார்த்தேன்.

படித்தார். "இது ஜனவரி லெட்டர். ஈக ஏப்ரல் ஆய்த்தல்லா, ஏப்ரல் ஆயிடுச்சே. நடுவுல என்ன பண்ணீங்க?" என்றபடியே, வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பினார்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். 'மாமன்னர்' என்பதிலிருந்து ஆரம்பித்து அவர் கண் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெண்ணெய் மசால் தோசை. முத்தே, கோழிச் சாறு, இரண்டு. போண்டா சூப். முழுசும் படிக்கவில்லை அவர். மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு உங்களைக் கேட்டார்.

"இதெல்லாம் சாப்பிட முடிஞ்சுதா உங்களால?"

"பையன் வாங்கிக் குடுத்தாம்மா. சாப்டேன்."

வெளியே வந்து அவரைத் தனியாகக் கேட்டேன். அப்போதே வந்திருந்தால்? அவர் கையைக் கழுவிக்கொண்டே, "கியாரண்டியா சொல்ல முடியாது. கொஞ்சம் வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். கொஞ்சம். எதைக் கொடுத்தாலும் ஊதி மலையாக்குகிறவன் நான். இந்த ஒரு சொல்லை ஒன்பது வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன், பெரிதாக்கவும் முடியவில்லை, சின்னதாக்கவும் முடியவில்லை.

உணவுக்குழாயில் கட்டி முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். ராகிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஊசி போடாத பெரிய சிரிஞ்சுக் குழலைப் புனல் மாதிரி செருகி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஊற்ற வேண்டும். அம்மாவால் தனியாக முடியாது. லீவே கிடையாது என்று சொன்னவன் இரண்டு மாதம் லீவு போட்டேன். சூப்பர்வைசர் துளையெல்லாம் போடவில்லை. "அப்பாவைப் பாரு, போ" என்று ஒரே வரியில் அனுப்பினார். தை மாதத்தில் கேட்டிருந்தாலும் அதே வரியைத்தான் சொல்லியிருப்பார்.

களியாக இறங்காத ராகி, நீராகக் குழாயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நாக்கில் படாத சாப்பாடு. தித்திப்பு என்றோ காரம் என்றோ நீங்கள் புகார் சொல்ல ஒன்றுமே இல்லை. பேச என்னிடமும் ஒன்றும் இல்லை. சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலைப்படியையோ காலண்டரையோ பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அப்படி நின்றபோது நீங்கள் என் சட்டை ஓரத்தை இழுத்தீர்கள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஏன்டா சும்மா நிக்கற. நீ பேசு, நான் சாப்பிடறேன்."

பேசினேன். என்ன பேசுவது என்று தெரியாமல் உங்கள் தலைமாட்டிலிருந்த சீட்டை எடுத்து, நாம் போகாமல் விட்ட கடைகளைப் பற்றிச் சொன்னேன். ஒரு கடையில் அறுபது வருடமாக அடுப்பு அணைந்ததே இல்லை என்றேன். இன்னொன்றில் வடையின் ஓட்டை வழியாகப் பார்த்தால் மைசூர் அரண்மனை தெரியும் என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். கஞ்சி இறங்கி முடிந்தது. ஆடி பிறக்கும்வரை, ஒரு நாளைக்கு ஆறு வேளை, அந்தக் கடைகளை ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பினேன். பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்க்காத கடைகள். ஒரு குறையும் சொல்லவில்லை நீங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அம்மாவைக் கேட்டேன், பெங்களூரிலிருந்து திரும்பிய அன்றைக்கு என்ன சொன்னார் என்று. "கஞ்சி வடிச்சுக் குடுன்னாரு. குடிச்சிட்டு, நாலு பேருக்குத் திங்கறான், பத்து பேருக்குப் பேசறான், நல்லா இருக்கான்டி அவன்னு சொன்னாரு." ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னீர்களா என்று அவளும் கேட்டிருக்கிறாள். "அவன் அவ்ளோ சந்தோஷமா இருந்தான், நடுவுல எடமே கெடைக்கல" என்றீர்களாம்.

அக்கா மகன் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மீசை வைத்திருக்கிறான், உங்கள் மூக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் என்னிடம் வந்துவிடுவான். இன்றைக்கும் வந்திருந்தான். சீட்டை எடுத்து, முன்பக்கம் மேலே தெரியும்படி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் எழுப்புகிறார்கள், ஒரே புழுதி. அந்தப் புழுதிக்குள்ளும் முனைக் கடையின் சாம்பார் வாசனை வெல்லத்தோடு வந்தது.

இட்லியைத் தோய்த்து ஒரு வாய் வைத்தான். முகத்தைச் சுளித்தான்.

"என்ன மாமா இது, இத்தன வருஷமா எப்படித் திங்கறீங்க? சாம்பாரா இது, ஜீராவா?"

தட்டை லேசாகத் தள்ளினான்.

இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் 'ஊட்ட ஆய்தா' என்பார்கள். சாப்பாடு ஆனதா என்று அர்த்தம். நானும் முன்பெல்லாம் எல்லோரையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பதில்லை.

"சாம்பார் கெடக்கட்டும்டா. இறங்குதா?"

"எப்பப் பாத்தாலும் இதே கேள்வி. நல்லா இறங்குது மாமா. தித்திக்குதுன்னுதானே சொன்னேன்?"

"ஒரு வாய் முழுங்கு. பாக்கறேன்."

சிரித்தான். மாமா ஏதோ வேடிக்கை காட்டப்போகிறார் என்று நினைத்து, இட்லியில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். அது தொண்டையைத் தாண்டிக் கீழே இறங்கும் வரை நான் பேசவில்லை, அப்பா.